ஒலியைப் பங்குபோடும் கணக்கு

நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு ஒன்றை வீட்டில் இருக்கும் செல்போனில் ஓடவிட்டுக் கேளுங்கள். நாதஸ்வரம் கணீரென்று வரும். ஆனால் தவிலில் குச்சியால் அடிக்கும் பக்கத்தின் கனத்த ஒலி பாதிகூட வராது; ‘டக் டக்’ என்று மெலிந்து கேட்கும். அதே பதிவைப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் போட்டால் அந்த அடி நெஞ்சுக்குள் அதிரும். பதிவு ஒன்றுதான், தவிலும் ஒன்றுதான். செல்போனின் குட்டி ஸ்பீக்கரால் ஏன் அதைத் தர முடியவில்லை?

காற்றை அசைத்தால்தான் ஒலி பிறக்கும். ஒரு நொடிக்கு எத்தனை முறை அசைகிறது என்பதுதான் அதிர்வெண். அதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்கிறோம். நம் காதுக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயதானவர்களுக்கு மேல்பகுதி குறைந்துவிடும், உங்களுக்கு நன்றாகவே கேட்கும்.

ஸ்பீக்கருக்குள் ஒரு கூம்பு இருக்கிறது. அதன் பின்னால் ஒரு கம்பிச்சுருள், அதைச் சுற்றிக் காந்தம். கம்பிச்சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. இந்த அமைப்புக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர்கள் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை செய்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர், ஆண்டு 1925. ஒரு நூற்றாண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை.

1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு கூம்பு எழுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 ஹெர்ட்ஸிலும் அதே அளவு ஒலி வேண்டுமானால் அது 4 மடங்கு அதிக தூரம் அசைய வேண்டும். 250 ஹெர்ட்ஸுக்கு 16 மடங்கு. 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கினால் 400 மடங்கு! செல்போனுக்குள் அவ்வளவு அசைய இடமே இல்லை. கனத்த ஒலிக்குப் பெரிய கூம்பும் நீண்ட அசைவும் தேவை.

அப்படியானால் பெரிய கூம்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா? போதாது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடும். 350-ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸ் அலை 7 மீட்டர். 5000 ஹெர்ட்ஸ் அலை வெறும் 7 சென்டிமீட்டர். 16 சென்டிமீட்டர் அகலமுள்ள கூம்பு 7 சென்டிமீட்டர் அலையை எழுப்பினால், ஒலி எல்லாப் பக்கமும் பரவாமல் நேர் எதிரே மட்டும் குவிந்து போகும். சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் பாடகியின் ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் மங்கிவிடும். அதோடு கனமான கூம்பு அவ்வளவு வேகத்தில் முழுசாக ஒன்றுபோல் அசையாது. நடுப்பகுதி ஒருவிதமாக, ஓரம் வேறுவிதமாக நெளியும்.

அதனால்தான் வீட்டு ஸ்பீக்கர் பெட்டியின் முன்துணியைக் கழற்றினால் பெரும்பாலும் இரண்டு வட்டங்கள் தெரிகின்றன. பெரியது வூஃபர், தாழ்ந்த ஒலிக்கு. 25 மில்லிமீட்டர் அளவில் குமிழ் மாதிரி இருக்கும் சிறியது ட்வீட்டர், உயர்ந்த ஒலிக்கு. ட்வீட்டரைத் தொட்டுப் பார்க்க ஆசை வரும். தொடாதீர்கள், மெல்லிய பட்டுத்துணியிலோ மெல்லிய உலோகத்திலோ செய்தது, நசுங்கினால் எழாது.

இரண்டு பேருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அவர்தான் கிராஸ்ஓவர். உதாரணமாக, 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது வூஃபருக்கு, மேலே உள்ளது ட்வீட்டருக்கு. பழைய பெட்டிகளில், இன்றைய பல பெட்டிகளிலும்கூட, கம்பிச்சுருளும் கெபாசிட்டரும் இந்த வேலையைச் செய்கின்றன. கெபாசிட்டர் வேகமான மாற்றங்களை விட்டுவிட்டு மெதுவானவற்றைத் தடுக்கும். கம்பிச்சுருள் அதற்கு நேர்மாறு. எளிமையான, உழைக்கக்கூடிய முறைதான். ஆனால் 2000-ஐ 2200 ஆக்க வேண்டும் என்றால் பெட்டியைத் திறந்து, பற்றவைத்த பாகத்தைப் பிடுங்கி வேறு பாகம் வைக்க வேண்டும்.

டிஜிட்டல் முறையில் பாகத்தை மாற்ற வேண்டாம், எண்ணை மாற்றினால் போதும். கணினியிலும் சிடியிலும் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது. சிடியில் இடது, வலது ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். ஒலியைப் பதப்படுத்தும் பல கருவிகளில் 48,000. ஒவ்வோர் எண்ணும் அந்தக் கணத்தில் கூம்பை எந்த அளவுக்குத் தள்ள வேண்டும் என்று சொல்கிறது. எண்களைக் கூட்டிக் கழித்தே தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரிக்கலாம். நம்பிக்கை வரவில்லையா? பென்சிலை எடுங்கள்.

இதோ ஆறு எண்கள்: 13, 8, 15, 10, 17, 12.

பார்த்தால் மேலும் கீழுமாகக் குதிக்கின்றன. உற்றுப் பாருங்கள். குதித்துக்கொண்டே மெதுவாக ஏறவும் செய்கின்றன. மெதுவான ஏற்றம்தான் தாழ்ந்த ஒலி; வேகமான குதிப்பு உயர்ந்த ஒலி. இரண்டும் கலந்து கிடக்கின்றன.

முதலில், அடுத்தடுத்த இரண்டு எண்களின் சராசரியை எடுங்கள். 13-உம் 8-உம் சேர்ந்தால் 21, பாதி 10.5. அப்படியே போனால் 10.5, 11.5, 12.5, 13.5, 14.5 என்று வரும். குதிப்பு போன இடம் தெரியவில்லை! படிப்படியான ஏற்றம் மட்டும் மிஞ்சியது. இதை வூஃபருக்கு அனுப்பலாம்.

இப்போது ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்கு முந்தைய எண்ணைக் கழித்துப் பாதியாக்குங்கள். 8-லிருந்து 13 போனால் கழித்தல் 5, பாதி −2.5. வரிசையாக −2.5, 3.5, −2.5, 3.5, −2.5. இங்கே ஏற்றம் மறைந்து குதிப்பு மட்டும் இருக்கிறது. இது ட்வீட்டருக்கு.

கடைசியாக, இரண்டு விடைகளையும் ஒன்றோடொன்று கூட்டுங்கள். 10.5 உடன் −2.5 சேர்த்தால் 8. 11.5 உடன் 3.5 சேர்த்தால் 15. அடுத்து 10, 17, 12. முதலில் எழுதிய எண்களே திரும்பி வந்துவிட்டன. முதல் எண் 13-க்கு முன்னால் எண் இல்லாததால் அது மட்டும் கணக்கில் வரவில்லை.

டிஜிட்டல் கிராஸ்ஓவரின் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பிரித்தால் மட்டும் போதாது. பிரித்த பங்குகள் காற்றில் மறுபடி சேரும்போது முழுப் பாட்டும் கூடாமல் குறையாமல் வரவேண்டும்.

ஒலியை இப்படிப் பிரிக்கும் கணக்கை வடிகட்டி என்பார்கள். நம் பென்சில் வடிகட்டி மிக எளிமையானது. 2000 ஹெர்ட்ஸில் வெட்டு என்றால் அதற்குத் தெரியாது. நிஜக் கருவியில் உள்ள வடிகட்டி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அது ஐந்து எண்களைப் பார்க்கிறது: இப்போது வந்த எண், அதற்கு முன் வந்த இரண்டு எண்கள், தானே கடைசியாகச் சொன்ன இரண்டு விடைகள். ஐந்தையும் ஐந்து பெருக்கு எண்களால் பெருக்கிச் சேர்த்தால் புதிய விடை. அந்த ஐந்து பெருக்கு எண்களை மாற்றினால் அதே கணக்கு வூஃபருக்கான வடிகட்டியாகும், அல்லது ட்வீட்டருக்கான வடிகட்டியாகும், அல்லது பின்னால் வரப்போகிற ஈக்வலைசர் ஆகும். ஒரே கணக்கு இத்தனை வேலை செய்வது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

எந்தப் பெருக்கு எண்களைப் போடுவது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1930-ல் ஸ்டீஃபன் பட்டர்வொர்த் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் மேடுபள்ளம் இல்லாத, வழவழப்பான வடிகட்டி ஒன்றைக் கணக்கிட்டுக் காட்டினார். 1970-களில் கலிஃபோர்னியாவில் ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தில் ஜீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரண்டு பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் பட்டர்வொர்த் வடிகட்டியை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முறை போட்டார்கள். லிங்க்விட்ஸ் 1976-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஸ்பீக்கர் செய்பவர்கள் அதை லிங்க்விட்ஸ்–ரைலி கிராஸ்ஓவர் என்கிறார்கள்.

அவர்களுடைய பங்கீட்டைப் பாருங்கள். வெட்டு 2000 ஹெர்ட்ஸ் என்றால், சரியாக அந்த இடத்தில் வூஃபருக்குப் பாதி, ட்வீட்டருக்குப் பாதி. 1000 ஹெர்ட்ஸில் வூஃபருக்கு 17-ல் 16 பங்கு, ட்வீட்டருக்கு 17-ல் 1 பங்கு. 500 ஹெர்ட்ஸில் வூஃபருக்கு 257-ல் 256 பங்கு, ட்வீட்டருக்கு 257-ல் 1 பங்கு. 4000 ஹெர்ட்ஸுக்குப் போனால் தலைகீழாகி, ட்வீட்டருக்கு 17-ல் 16. எந்த அதிர்வெண்ணை எடுத்தாலும் இரு பங்கையும் கூட்டினால் ஒன்று. இரண்டு ஒலிகளும் ஒன்றை ஒன்று எதிர்க்காமல் ஒரே நேரத்தில் முன்னும் ஒரே நேரத்தில் பின்னும் அசைவதால்தான் இப்படிக் கூட்ட முடிகிறது. பட்டர்வொர்த் வடிகட்டியை ஒரு முறை மட்டும் போட்டால் இந்தப் பங்கு இவ்வளவு சுத்தமாக வராது.

ஒரு ஸ்பீக்கருக்கு இப்படி நான்கு வடிகட்டிகள் வேண்டும். வூஃபருக்கு இரண்டு, ட்வீட்டருக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பெருக்கல். இடது, வலது என்று இரண்டு ஸ்பீக்கர்கள். நொடிக்கு 48,000 எண்கள். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 19 லட்சத்து 20 ஆயிரம் பெருக்கல்கள்! இதற்கென்றே செய்யப்பட்ட சில்லுகள் கொஞ்சமும் திணறாமல் இதை முடித்துவிடுகின்றன.

பங்கீடு சரியாக இருந்தாலும் இரு பங்கும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேராவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும். 1930-களின் நடுவில் ஹாலிவுட்டில் இதை ஒரு நடனம் காட்டிக்கொடுத்தது. எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் ஜான் ஹில்லியார்டும் அவருடைய குழுவும் திரையரங்குக்கான பெரிய ஸ்பீக்கர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். காலணியால் தரையைத் தட்டி ஆடும் டேப் நடனக் காட்சி ஓடியது. ஒவ்வொரு தட்டும் இரண்டு தட்டாகக் கேட்டது. தாழ்ந்த ஒலி வெளியே வரும் கொம்பு வடிவக் குழாய் நீளமானது; அதற்குள் ஒலி சுமார் 8 அடி அதிகம் நடந்து வர வேண்டியிருந்தது. நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு தாமதம்தான், ஆனால் காது பிடித்துவிட்டது. அவர்கள் கொம்புகளை மாற்றி வடிவமைத்து வேறுபாட்டைக் குறைத்தார்கள். அந்த ஸ்பீக்கர் அமைப்புக்காக எம்.ஜி.எம்-இன் ஒலிப் பிரிவும் அதன் தலைவர் டக்ளஸ் ஷியரரும் 1936-ஆம் ஆண்டுக்கான தொழில்நுட்ப ஆஸ்கர் விருதைப் பெற்றார்கள்.

வீட்டு ஸ்பீக்கரில் வேறுபாடு அடிக்கணக்கில் இல்லை, சென்டிமீட்டர் கணக்கில். ட்வீட்டர் பலகையின் முன்பக்கமே இருக்கும். வூஃபரின் கம்பிச்சுருள் பெட்டிக்குள் தள்ளி இருக்கும். வேறுபாடு 3.5 சென்டிமீட்டர் என்றால் நேரத்தில் அது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு நொடிக்கு 48,000 எண்கள் ஓடும்போது அது ஏறக்குறைய 5 எண்கள். ட்வீட்டருக்கான எண்களைப் பிடித்து வைத்து, ஐந்து எண் தாமதித்து அனுப்பினால் முடிந்தது வேலை. மரத்தைச் செதுக்கவோ பெட்டியை மாற்றவோ வேண்டாம்.

இனி அறைக்கு வருவோம். ஸ்பீக்கரை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அறை அதன் ஒலியில் கைவைக்கும், முக்கியமாகத் தாழ்ந்த ஒலியில்.

உங்கள் அறை 3.5 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பினால் 7 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் 50-ல் ஒரு பங்கு. 50 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு அசைவுக்கு ஆகும் நேரமும் அதேதான்! ஊஞ்சல் திரும்பி வரும் சரியான கணத்தில் ஒவ்வொரு முறையும் தள்ளினால் சின்னத் தள்ளலே ஊஞ்சலை உயரே ஏற்றிவிடும் அல்லவா? அதுபோல் 50 ஹெர்ட்ஸ் ஒலி அறைக்குள் ஏறிக்கொண்டே போகும். பாட்டில் ஒரே ஒரு தாழ்ந்த சுரம் மட்டும் ‘ஊம்ம்’ என்று வீங்கி, நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும். சுவரோரம் அந்த ஒலி மிக அதிகம். அறையின் நட்டநடுவில் போய் நின்றால் அதே ஒலி காணாமல் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க மைக் வேண்டும். உட்கார்ந்து கேட்கும் இடத்தில், காது உயரத்தில் மைக்கை நிறுத்தி, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றை ஒலியை ஸ்பீக்கரில் ஓடவிடுவார்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி வந்தது என்று கணினி கோடு வரைந்து காட்டும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இதற்குப் பெயர்பெற்றது. கோட்டில் 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு குன்று நிற்கும்.

குன்றைக் குறைக்க வருவதுதான் ஈக்வலைசர். அதற்கு மூன்று செய்தி சொன்னால் போதும்: எந்த அதிர்வெண், எவ்வளவு குறைக்க வேண்டும், எவ்வளவு அகலத்துக்கு. குறைக்கும் அளவை டெசிபல் என்ற அலகில் சொல்வார்கள். ‘50 ஹெர்ட்ஸ், 8 டெசிபல் குறை, குறுகலாக’ என்று சொன்னால் மென்பொருள் அதற்கேற்ற ஐந்து பெருக்கு எண்களைக் கண்டுபிடித்துவிடும். இப்படி மூன்றையும் நம் விருப்பப்படி நகர்த்தும் ஈக்வலைசரைப் பற்றி அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் மாசன்பர்க் 1972-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அளவாகக் குறைத்துவிட்டால் அந்தச் சுரத்தின் இழுவையும் அடங்குகிறது.

குன்றைக் குறைக்கலாம் என்றால் பள்ளத்தை நிரப்பலாமே என்று தோன்றும். பலரும் தடுக்கி விழும் இடம் இது. அறையின் நடுவில் 50 ஹெர்ட்ஸ் ஏன் மறைகிறது? ஸ்பீக்கரிலிருந்து வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் எதிரெதிராகத் தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நீங்கள் அந்த ஒலியைக் கூட்டினால் திரும்பும் அலையும் அதே அளவு கூடும், மறுபடி அழிவுதான். 10 டெசிபல் கூட்டுவது என்றால் ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் 10 மடங்கு திறனைக் கொடுக்க வேண்டும். 10 வாட் கேட்ட இடத்தில் 100 வாட். கூம்பு துடிக்கும், கம்பிச்சுருள் சூடாகும், உங்கள் காதுக்கு மட்டும் ஒன்றும் வராது. இங்கே எந்தக் கணக்கும் உதவாது. நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும்.

கூட்டுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சிடியில் ஓர் எண் 32,767-க்கு மேல் போக முடியாது, அவ்வளவுதான் இடம். 20,000 என்ற எண்ணை 6 டெசிபல் கூட்டினால் ஏறக்குறைய இரட்டிப்பாகி 40,000 ஆகும். இடமில்லை. உச்சி தட்டையாக வெட்டப்பட்டுக் காதைக் குத்தும் கரகரப்பு வரும். அதனால் கூட்டியே ஆக வேண்டும் என்றால் முதலில் மொத்த ஒலி அளவையும் அதே 6 டெசிபல் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஈக்வலைசரை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, குறைப்பதற்கு மட்டும், அதுவும் மூன்று நான்கு இடங்களில் மட்டும் பயன்படுத்துவதே நல்லது என்பது என் தீர்ப்பு. அதற்கு மேலே அலைகள் குறுகியவை. மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் கோட்டில் உள்ள சின்னச் சின்னப் பற்கள் எல்லாம் வேறிடத்துக்குப் போய்விடும். அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தினால் மைக் இருந்த ஒரு புள்ளிக்கு மட்டும் சரியாகி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குப் பாட்டு கெட்டுவிடும். கணினித் திரையில் கோடு ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் வந்தால் வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது. உட்காரும் இடத்தில் மேல் அதிர்வெண் பக்கம் கோடு மெல்லச் சரிந்திருந்தால்தான் பெரும்பாலோர் காதுக்கு இதமாக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. டிஜிட்டல் கிராஸ்ஓவரில் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர். வயரை மாற்றிச் செருகிவிட்டால் தாழ்ந்த ஒலி முழுவதும் ட்வீட்டருக்குப் போய் அதன் மெல்லிய கம்பி எரிந்துவிடும். இந்த இணைப்பு வேலையைப் பெரியவர்களோடு சேர்ந்து, ஒலியை மிகக் குறைவாக வைத்துத் தொடங்க வேண்டும்.

ஆனால் வயரே இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பிடித்த பாட்டைத் திறந்து மூன்று படிகள் எடுங்கள். ஒன்றைத் தொடாதீர்கள். இரண்டாவதில், தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டரை 2000 ஹெர்ட்ஸ், 12 டெசிபல் (வெட்டு எவ்வளவு செங்குத்து என்பதன் அளவு) என்று வைத்து இரண்டு முறை செலுத்துங்கள். மூன்றாவதில், உயர்ந்த ஒலியை மட்டும் விடும் ஹை பாஸ் ஃபில்டரை அதே 2000, அதே 12, அதே இரண்டு முறை. லிங்க்விட்ஸும் ரைலியும் செய்த அதே இரட்டை வடிகட்டி இது. முதலில் ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள். பாடகரின் குரலில் எந்தப் பகுதி எந்தப் பக்கம் போயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து ஓடவிட்டு, தொடாத படியோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது எது என்று சொல்லாமல் வீட்டில் இருப்பவர்களையும் கேட்க வையுங்கள். அடுத்து 12-க்குப் பதில் 48 டெசிபலை ஒரு முறை மட்டும் வைத்து இதையே செய்து பாருங்கள். என்ன கேட்டது என்று எங்களுக்கு எழுதுங்கள்.